‘ஈரோடு’ என்று தட்டினால் மண்ணரிப்பு வருகிறது

கோபி பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். எம்.காம் இரண்டாம் ஆண்டு. ஈரோடு மாவட்ட மஞ்சள் விவசாயிகளின் விற்பனைச் சிக்கல் பற்றி புராஜெக்ட். கூகுளில் கிடைத்ததை வைத்து எழுதிக் கொண்டுபோனதை கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்லூரி நூலகத்தின் ஆன்லைன் டேட்டாபேஸிலிருந்து குறைந்தது 15 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் அவற்றைக் காட்டி வரச் சொல்லியிருக்கிறார். “ஈரோடு, மஞ்சள் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எது எதுவோ வருகிறது. வருவதில் பாதி திறப்பதில்லை. திறந்ததையும் எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. விவசாயிகளிடம் நேரில் கேட்டதையும் இதே மாதிரிதான் எழுத வேண்டுமா?” என்பது கேள்வி.

அம்மணி, நீங்கள் அடித்ததை நானும் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஈரோட்டை ஆங்கிலத்தில் எழுதினால், ‘அரித்துப்போதல்’ என்ற வினைச்சொல்லின் எழுத்துகள்தான் அப்படியே வரும். பல டேட்டாபேஸ்கள் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் வேரைப் பிடித்துக்கொண்டு கிளைகளையும் சேர்த்துத் தேடும். அதனால் ஈரோடு என்று கேட்டவருக்கு மண்ணரிப்பு, கடலரிப்பு, மக்களுக்கு அரசின் மேல் நம்பிக்கை அரித்துப்போன கதை எல்லாம் வரும். சேலத்துக்காரர்களுக்கும் இதே பாடுதான். அமெரிக்காவில் அதே பெயரில் ஊர்கள் இருக்கின்றன, சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கில் போட்ட வழக்கெல்லாம் வந்து நிற்கும். மஞ்சளை மட்டும் அடித்தால் அதிலுள்ள குர்குமின் என்ற வேதிப்பொருள் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். புற்றுநோய் செல், எலி, மூட்டுவலி என்று போகுமே தவிர, மண்டி விலை ஒன்றில்கூட இருக்காது.

டேட்டாபேஸுக்கு மஞ்சளும் தெரியாது, ஈரோடும் தெரியாது. எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் அதற்குத் தெரியும். ஆகவே தேடுகிறவர் யோசிக்க வேண்டியது, ‘எனக்கு என்ன வேண்டும்’ என்பதோடு, ‘அதை எழுதியவர் என்ன சொல் போட்டிருப்பார்’ என்பதையும்தான். நான் நூலக வேலையில் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான்.

உங்கள் வீட்டுப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். விரலி, கிழங்கு என்று சொல்வீர்கள். கட்டுரை எழுதியவர் விரலியை ‘ஃபிங்கர்’ என்றும் கிழங்கை ‘பல்ப்’ என்றும் எழுதியிருப்பார். நாம் மண்டிக்காரர் என்பவர் அங்கே ‘கமிஷன் ஏஜென்ட்’. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ‘ரெகுலேட்டட் மார்க்கெட்’. விலை ஏறி இறங்குவதை ‘பிரைஸ் வாலட்டிலிட்டி’ என்பார்கள். விற்ற விலையில் விவசாயி கைக்கு எவ்வளவு வந்தது என்பதை ‘புரொட்யூசர்ஸ் ஷேர்’ என்பார்கள். தாவரவியல்காரர் மஞ்சள் என்றே எழுதாமல் ‘குர்குமா லோங்கா’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நம் சொல், அந்தப் பக்கம் அவர்கள் சொல் என்று எழுதுங்கள். அரை மணி நேரம் ஆகும். அப்புறம் மூன்று நாள் மிச்சமாகும்.

ஊர்ப்பெயர் இன்னும் பெரிய தலைவலி. திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், முதல் ‘டி’க்குப் பின்னால் ‘ஹெச்’ சேர்த்தும் எழுதுகிறார்கள். காங்கயம், நொய்யல், கவுண்டர் எதற்கும் ஒரே எழுத்துமுறை கிடையாது. கொங்கு என்ற சொல்லையே நாம் ‘ஜி’ போட்டு எழுதுகிறோம். 1972இல் வந்த பிரெண்டா பெக்கின் புகழ்பெற்ற கொங்கு ஆய்வு நூலின் தலைப்பில் அது ‘கே’. ‘ஜி’ போட்டுத் தேடுகிறவர் கண்ணில் அந்த நூல் படாமலே போகலாம். 2020 ஜூனில் அரசு ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அது நிலைத்திருந்தால் கோயம்புத்தூருக்கு இன்னொரு எழுத்துமுறையும் சேர்ந்திருக்கும். நூலகர்கள் அன்று பெருமூச்சு விட்டார்கள்.

இதோடு மாவட்டக் கணக்கும் உண்டு. ஈரோடு தனி மாவட்டமானது 1979இல். அப்போது வைத்த பெயர் பெரியார் மாவட்டம். எண்பதுகளில் எழுதிய கட்டுரைக்கு அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். அதற்கு முந்தியது என்றால் கோயம்புத்தூர் மாவட்டம். திருப்பூர் மாவட்டம் 2009இல் வந்தது. தாராபுரம், காங்கயம் பற்றிய பழைய புள்ளிவிவரம் எல்லாம் ஈரோட்டுக் கணக்கில் கிடக்கும். நாமக்கல் 1997க்கு முன் சேலம். மாநிலத்தின் பெயரே 1969 வரை மெட்ராஸ்தான். ‘நம் பக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை’ என்று மாணவர்கள் வந்து சொல்லும்போதெல்லாம், எந்த ஆண்டு, எந்தப் பெயர் என்றுதான் முதலில் கேட்பேன்.

சரி, இப்போது பெட்டியில் என்ன அடிப்பது? இங்கே தமிழில் காட்டுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்:

டர்மரிக் அண்ட் (மார்க்கெட்* ஆர் பிரைஸ்) அண்ட் (“ஈரோடு டிஸ்ட்ரிக்ட்” ஆர் “பெரியார் டிஸ்ட்ரிக்ட்” ஆர் “தமிழ் நாடு” ஆர் தமிழ்நாடு)

‘அண்ட்’ போட்டால் இரண்டு பக்கமும் இருந்தாக வேண்டும். ‘ஆர்’ போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். இந்த இரண்டையும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடியுங்கள். சின்ன எழுத்தில் அடித்தால் சில டேட்டாபேஸ்கள் வெறும் சொல்லாக நினைத்துத் தள்ளிவிடும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் ஒட்டி வர வேண்டும் என்று பொருள். ஈரோட்டை மண்ணரிப்பிலிருந்து பிரித்தெடுக்க இதுதான் வழி. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரம், மார்க்கெட்ஸ், மார்க்கெட்டிங், மார்க்கெட்டட் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளும். (ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்காலரில் இந்த நட்சத்திரம் இப்படி வேலை செய்யாது, அங்கே போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) தமிழ்நாட்டைச் சேர்த்து ஒன்று, பிரித்து ஒன்று என இருமுறை எழுதியிருப்பது தவறுதலாக இல்லை. இரண்டு விதமாகவும் அச்சில் வருகிறது. ‘நாட்’ என்று ஒன்றும் உண்டு; குர்குமினை ஒதுக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். விலையைப் பற்றிய நல்ல கட்டுரை ஒன்று, ‘குர்குமின் அளவு அதிகமுள்ள ரகத்துக்கு விலை கூடுதல்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதிலாக, தேடுமிடத்தை ‘முழுக் கட்டுரை’ என்பதிலிருந்து ‘தலைப்பும் சுருக்கமும்’ என்று மாற்றுங்கள். குப்பை தானாகக் குறையும்.

அப்படியும் ஈரோட்டைப் பற்றி நேரடியாகக் கொஞ்சம்தான் கிடைக்கும். அது சகஜம். நிசாமாபாத், சாங்லி பற்றிய மஞ்சள் கட்டுரைகளையும் எடுங்கள். அவையும் பெரிய மஞ்சள் சந்தைகள், உங்கள் விவாதத்துக்கு ஒப்பீடு கிடைக்கும். நல்ல கட்டுரை ஒன்று கையில் வந்ததும் அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள மேற்கோள் பட்டியலைப் படியுங்கள், அது பின்னோக்கிப் போகும் வழி. டேட்டாபேஸில் ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்று ஓர் இணைப்பு இருக்கும், அது முன்னோக்கிப் போகும் வழி. என் அனுபவத்தில், பதினைந்தில் குறைந்தது பத்து இந்த இரண்டு வழியில்தான் வந்து சேரும்.

எங்கே தேடுவது என்பதற்கு உங்கள் கல்லூரியின் நிலையைப் பொறுத்துத்தான் பதில். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ்ச் சேவை பல கல்லூரிகளில் இருக்கிறது. இருப்பது மாணவர்களுக்குத் தெரியாது. உள்ளே போகும் பெயரும் கடவுச்சொல்லும் கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும், ஆகவே நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். அரசுக் கல்லூரியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது. முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். கொங்குப் பகுதியில் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதி என்பதால் நம் பிள்ளைகள் பலருக்கு அது கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் பலகாரம்.

அதற்காக உட்கார்ந்துவிட வேண்டாம். உங்கள் தலைப்புக்கு ‘அக்-ஈகான் சர்ச்’ என்ற இலவசக் களஞ்சியம்தான் முதல் வாசல் என்பேன். வேளாண் பொருளாதாரக் கட்டுரைகள் முழுதாகக் கிடைக்கும், இந்திய இதழ்களும் உண்டு. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ் டேட்டாபேஸில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் இருக்காது, அந்தச் சுவர் வருடா வருடம் ஒரு வருடம் நகரும். ‘புதிய கட்டுரையே வரவில்லை’ என்று குழம்ப வேண்டாம். ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு கிருஷிகோஷ். மஞ்சள் விற்பனை பற்றி எம்.எஸ்சி. அளவில் யாராவது பவானியிலோ கோபியிலோ சர்வே எடுத்திருப்பார்கள். அவர்கள் கேள்விப் பட்டியலைப் பார்த்தாலே உங்களுக்குப் பாதி வேலை முடியும்.

திறக்காத கட்டுரைக்கு வருவோம். டேட்டாபேஸ்களில் சில முழுக் கட்டுரையை வைத்திருக்கும். சில தலைப்பு, சுருக்கம் மட்டும் வைத்திருக்கும். உங்களுக்குத் திறக்காதது பெரும்பாலும் இரண்டாவது வகை, அல்லது உங்கள் கல்லூரி சந்தா கட்டாத இதழ். கட்டுரைத் தலைப்பை முழுதாக மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் ஒருமுறை தேடுங்கள். எழுதியவரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கலாம். இல்லையென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். நான்கு வரி போதும், தயங்க வேண்டாம். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான். உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலகங்களின் கூட்டமைப்பில் உறுப்பினராக இருந்தால் அவர்கள் மூலமாகவும் நகல் கேட்கலாம்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்ததாக மேற்கோள் காட்டாதீர்கள். மண்டியில் மாதிரியைப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்வார்கள், சரி. ஆனால் மாதிரியை வைத்துக் குழம்பு வைக்க முடியாது. ஒருமுறை வாய்மொழித் தேர்வில், ஒரு கட்டுரையில் எத்தனை விவசாயிகளைக் கேட்டிருக்கிறார்கள் என்று தேர்வாளர் சாதாரணமாகக் கேட்டார். மாணவருக்குத் தெரியவில்லை. அது சுருக்கத்தில் இல்லை. அதற்கப்புறம் தேர்வாளர் ஒவ்வொரு மேற்கோளாகத் திறந்துகொண்டே போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே வியர்த்துவிட்டது.

இப்போது மேற்கோள். தேடல் என்பது நீங்கள் கட்டுரைக்குப் போன வழி. மேற்கோள் என்பது உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதே இடத்துக்குப் போவதற்கான முகவரி. இதை மனதில் வைத்தால் விதிகள் பாதி தானாகப் புரியும். உதாரணத்துக்கு, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் மூலதனம் யாருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று அபிஜித் பானர்ஜியும் (2019இல் நோபல் வாங்கியவர்தான்) கைவன் முன்ஷியும் எழுதிய கட்டுரை. ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி, தமிழ் எழுத்தில் காட்டினால், இப்படி:

பானர்ஜி, ஏ., & முன்ஷி, கே. (2004). ஹவ் எஃபிஷியன்ட்லி இஸ் கேபிடல் அலோகேட்டட்? எவிடன்ஸ் ஃப்ரம் த நிட்டட் கார்மென்ட் இண்டஸ்ட்ரி இன் திருப்பூர். த ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ், 71(1), 19–42.

இதன் பின்னால் டிஓஐ என்ற நிலையான இணைய முகவரி வரும், அதை அடுத்துச் சொல்கிறேன். 71 என்பது தொகுதி, அடைப்புக்குள் உள்ள 1 இதழ் எண், 19–42 பக்கங்கள். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்து. அடைப்புக்குள் உள்ள எண் நேரெழுத்து. கட்டுரைத் தலைப்பில் முதல் சொல், கேள்விக்குறிக்குப் பின் வரும் முதல் சொல், ஊர்ப்பெயர் ஆகிய மூன்றுக்குத்தான் ஆங்கிலப் பெரிய எழுத்து. தலைப்பில் திருப்பூருக்கு ஒரே ‘பி’தான் போட்டிருக்கிறார்கள், நமக்குப் பிடிக்காவிட்டாலும் அப்படியேதான் எழுத வேண்டும். திருத்தினால் பின்னால் வருகிறவருக்குக் கட்டுரை கிடைக்காது.

டிஓஐ என்பது 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில எண்கள், ஒரு சாய்கோடு, அப்புறம் இன்னும் கொஞ்சம் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கட்டுரையின் முதல் பக்கத்தில் மேலேயோ கீழேயோ பொடியாக அச்சிட்டிருப்பார்கள். பதிப்பாளர் கை மாறினாலும் இணையதளம் மாறினாலும் அது அந்தக் கட்டுரைக்கே கொண்டுபோய்விடும். உலாவியின் மேல்பட்டையில் இருக்கும் நீளமான முகவரியை நகலெடுத்து ஒட்டாதீர்கள். அது உங்கள் கல்லூரிக் கணக்கு வழியாக வந்த முகவரி. வேறு ஆள் தட்டினால் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தில் போய் முட்டி நிற்பார். பழைய கட்டுரை சிலவற்றுக்கு டிஓஐ இருக்காது. அப்போது தொகுதி, இதழ், பக்கம் சரியாக இருந்தால் போதும். சோத்கங்கா ஆய்வேட்டுக்கு 10603 என்ற எண் வரும் நிலையான இணைப்பு பக்கத்திலேயே கொடுத்திருப்பார்கள், அதைப் போடுங்கள்.

டேட்டாபேஸ் பெயரைப் போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏபிஏவில் இதழ்க் கட்டுரைக்குப் பொதுவாக வேண்டாம். ஒரே கட்டுரை பல இடத்தில் கிடைக்கும், நீங்கள் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பது வாசகருக்கு வேண்டாத சேதி. எம்எல்ஏ என்ற இன்னொரு மேற்கோள் முறையில் போட வேண்டும். உங்கள் கைடு ஏபிஏ என்று சொல்லியிருப்பதால் விடுங்கள்.

வரிக்குள் காட்டும்போது (பானர்ஜி & முன்ஷி, 2004, ப. 21) என்பது போல. இந்தப் பக்க எண்ணில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். பிடிஎஃப் திறந்தால் மேலே ‘4’ என்று காட்டும். அது கோப்பின் நான்காவது தாள். ஜேஸ்டோர் முன்னால் ஓர் அட்டைத்தாள் வேறு சேர்த்துவிடும். கட்டுரை 19ஆம் பக்கத்தில் தொடங்குவதால் அந்த நான்காவது தாளில் அச்சிட்டிருப்பது 21. அச்சில் உள்ள எண்ணைத்தான் எழுத வேண்டும். 19–42 என்று பட்டியலில் போட்டுவிட்டு வரிக்குள் ப. 4 என்று போட்டால், தேர்வாளர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்.

மேற்கோளைத் தானே எழுதித் தர டேட்டாபேஸில் ‘சைட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா? அழுத்துங்கள், ஆனால் நம்பாதீர்கள். தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் கொட்டும், இதழ் எண்ணை விழுங்கும். நம் பெயர்களில்தான் அதிகம் தடுமாறும். நமக்கு முன்னெழுத்து அப்பா பெயர், குடும்பப்பெயர் கிடையாது. ‘கே. பழனிசாமி’ என்று அச்சிட்டிருந்தால் ‘பழனிசாமி, கே.’ என்று சரியாக வரும். அதையே ‘பழனிசாமி குப்புசாமி’ என்று விரித்துப் போட்டிருந்தால் எந்திரம் அப்பாவைத் தூக்கி முன்னால் வைத்து, மகனை ஒற்றை எழுத்தாக்கிவிடும். கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, எது ஆளின் பெயர் என்று நமக்குத் தெரிவதால் நாமே திருத்த வேண்டும். ஈரோட்டு மஞ்சள் ஆய்வில் பழனிசாமிகள் பலர் வருவார்கள், முன்னெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

ஜோட்டிரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரை பார்த்த கையோடு சேர்த்துவிடும். கடைசியில் பட்டியலை அதுவே கட்டும். ஏபிஏவிலிருந்து வேறு முறைக்கு மாற்றச் சொன்னாலும் ஒரு நொடிதான். உள்ளே போகும் விவரம் சரியா என்று சேர்க்கும்போதே பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

ஒரு கட்டுரைக்குள் இன்னொருவர் சொன்னது பிடித்திருந்தால், அந்த மூலத்தையே தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் ‘இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டது’ என்று எழுதி, பட்டியலில் நீங்கள் படித்ததை மட்டும் போடுங்கள். பதினைந்தில் இப்படி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை.

கட்டுரை எந்த இதழில் வந்தது என்பதையும் கவனியுங்கள். ‘ஒரு வாரத்தில் பிரசுரம்’ என்று பணம் வாங்கிப் போடும் இதழ்களின் கட்டுரைகள் கூகுளில் முதலில் வந்து நிற்கும். தரமான இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலைப் பார்த்து ஒதுக்கலாம் என்றிருந்தோம். 2025 பிப்ரவரியில் யுஜிசி அதையும் நிறுத்திவிட்டது. இப்போது நம் கண்தான் கணக்கு. ஒரே இதழில் மஞ்சள் விலை, இதய அறுவை, செயற்கை நுண்ணறிவு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விவசாயிகளிடம் நேரில் கேட்டது பற்றி: அது மேற்கோள் பட்டியலில் வராது. ஏபிஏவில் தனிப்பட்ட உரையாடல் என்று ஒரு வகை உண்டு, ஆனால் உங்கள் ஆய்வுக்காகவே பேட்டி கண்டவர்களை அதில் சேர்ப்பதில்லை; அவர்கள் சொன்னது உங்கள் தரவு. ‘விவசாயி 7, அந்தியூர் வட்டம், மூன்று ஏக்கர்’ என்பது போலக் குறித்து, பெயரைச் சொல்லாமல் எழுதுங்கள். அவர் ‘விரலி’ என்று சொல்லியிருந்தால் முதல்முறை வரும் இடத்தில் விரலி என்றே எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடுங்கள்.